கரி பூசிய முகங்கள்: நியூயார்க்கில் ஐந்து நாள்

முதல் நாள், திங்கள்

அக்கா வீடு ஜெர்சி சிட்டியில். காலையில் காபியை ஆற்றிக்கொண்டே, "பிராட்வே பார்க்கணும்னு வந்தவன் எதுக்குடா சைனா டவுனுக்குப் போறே?" என்றாள். நியாயமான கேள்விதான்.

பிராட்வே என்றால் இன்று டைம்ஸ் சதுக்கத்து இசை நாடகக் கொட்டகைகள். ஆனால் அவை அங்கே வந்து ஏறக்குறைய நூற்றிருபது வருஷம்தான் ஆகிறது. மன்ஹாட்டன் தீவின் தென்பகுதியில் ஆரம்பித்த ஆட்டபாட்டம், ஊர் வளர வளர வடக்கே நகர்ந்துகொண்டே போனது. பவரி, பிரின்ஸ் தெரு, 14ஆம் தெரு, 28ஆம் தெரு, அப்புறம்தான் 42. அதே வரிசையில் நானும் தெற்கிலிருந்து ஏறுவதாகத் திட்டம். முட்டி ஒத்துழைத்தால் சரி.

கொலம்பஸ் பூங்காவில் சீனப் பெரியவர்கள் கல் மேசைகளைச் சுற்றிக் கூட்டமாக நின்று சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இரண்டு தந்தி வாத்தியம் ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மிளகாய்ப்பொடி போட்ட அன்னாசித் துண்டை ஒரு அம்மாள் தின்றுகொண்டிருந்தார். 1840களில் இந்த இடத்துக்கு ஃபைவ் பாயிண்ட்ஸ் என்று பெயர். ஊரிலேயே மோசமான சேரி. பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஐரிஷ்காரர்களும் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களும் ஒரே தெருவில், பல நேரம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தார்கள். ராத்திரியானால் நிலவறை நடனக்கூடங்களில் இரண்டு கூட்டமும் கலந்து ஆடியது. 1842இல் சார்லஸ் டிக்கன்ஸ் இங்கே வந்து ஒரு கறுப்பின இளைஞன் ஆடுவதைப் பார்த்து அசந்துபோய் எழுதி வைத்தார். அந்த இளைஞன் 'மாஸ்டர் ஜூபா' என்று பெயர் வாங்கிய வில்லியம் ஹென்றி லேன்தான் என்று பலரும் நம்புகிறார்கள். ஐரிஷ் ஜிக் ஆட்டத்தின் வேகக்கால், ஆப்பிரிக்க ஆட்டத்தின் தாளக்கட்டு இரண்டும் அந்தக் கால்களில் சேர்ந்தன. பிற்பாடு டேப் நடனம் என்று உலகம் கொண்டாடிய, ஷூவால் தரையைத் தட்டித் தாளம் போடும் ஆட்டத்தின் விதை இந்தச் சேரியில் விழுந்தது.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் பவரி. உணவகப் பாத்திரம், விளக்கு, நகை விற்கும் கடைகள். பவரி தியேட்டர் இருந்த இடத்தைக் கதவு எண்ணைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். அந்தக் கொட்டகை பல தடவை எரிந்து எரிந்து எழுந்தது. 1929இல் கடைசியாக எரிந்ததோடு சரி. 1832இல் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளைக்காரர் இங்கே முகத்தில் கரி பூசி, கிழிசல் சட்டையோடு, ஒரு கறுப்பின அடிமையைப் பரிகாசம் செய்யும் ஆட்டம் ஆடினார். பாத்திரத்தின் பெயர் ஜிம் க்ரோ. சனம் ஒன்ஸ்மோர் கேட்டுக் கேட்டு ஆடவைத்தது. அதே பெயர்தான் பின்னால் தெற்கு மாநிலங்களின் நிறவெறிச் சட்டங்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

1843 பிப்ரவரியில் பக்கத்துப் பவரி ஆம்ஃபிதியேட்டரில் நான்கு பேர் சேர்ந்து 'வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ்' என்று மேடை ஏறினார்கள். ஃபிடில், பாஞ்சோ, கஞ்சிரா மாதிரி ஒரு டாம்பரின், விரலிடுக்கில் தட்டும் எலும்புத் துண்டுகள். அவ்வளவுதான் வாத்தியம். நான்கு பேரும் வெள்ளையர், நான்கு முகமும் கரி.

அந்த அரிதாரம் எப்படிச் செய்தார்கள் என்பதைப் படித்ததிலிருந்து மனதைவிட்டுப் போகவில்லை. பாட்டில் தக்கைகளை எரிப்பார்கள். கரியானதும் இடித்துப் பொடியாக்கித் தண்ணீரில் குழைப்பார்கள். வாயைச் சுற்றி மட்டும் விட்டுவிட்டு மீதி முகம், கழுத்து, காது எல்லாம் அப்பிக்கொள்வார்கள். விட்ட இடம் பெரிய உதடாகத் தெரியும். ஒரு சமூகத்தைக் கேலிப்பொருளாக்க ஆன மொத்தச் செலவு நாலு தக்கை.

மின்ஸ்ட்ரல் என்று பெயர் பெற்ற இந்தக் கரிமுக ஆட்டத்துக்குச் சீக்கிரமே ஒரு வடிவம் அமைந்துவிட்டது. முதல் பகுதியில் எல்லாரும் அரைவட்டமாக உட்காருவார்கள். நடுவில் ஒருவர் கேள்வி கேட்பார். நம் கூத்தில் வரும் கட்டியக்காரன் வேலைதான், ஆனால் இவர் சிரிக்கவே மாட்டார், மிடுக்காகப் பேசுவார். இரண்டு கோடியிலும் டாம்போ, போன்ஸ் என்று இரண்டு கோமாளிகள் குதர்க்கமாகப் பதில் சொல்வார்கள். அடுத்து படுதாவுக்கு முன்னால் தனித்தனி வித்தைகள். கடைசியில் ஒரு குறுநாடகம், எல்லாரும் சேர்ந்து ஆடி முடிப்பது. பேச்சு, பாட்டு, ஆட்டம் மூன்றையும் ஒரே இரவில் கட்டிப்போட்ட இந்தக் கட்டுமானத்தை அமெரிக்க இசை நாடகம் அப்படியே வாங்கிக்கொண்டது. இந்தக் கூத்து இந்தியாவுக்கும் வந்திருக்கிறது. 1860களில் டேவ் கார்சன் என்பவர் கல்கத்தாவிலும் பம்பாயிலும் மின்ஸ்ட்ரல் நடத்தி, வங்காளி பாபுவையும் கிண்டல் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். கரிக்குக் கடல் ஒரு தடையில்லை.

ஜூபாவுக்கு என்ன ஆயிற்று? 1848இல் ஒரு வெள்ளையர் மின்ஸ்ட்ரல் குழுவோடு லண்டன் போனார். குழுவில் அவர் ஒருவர்தான் கறுப்பினத்தவர். அங்கே பேரும் புகழும் வந்தன. அமெரிக்காவுக்குத் திரும்பவே இல்லை, சின்ன வயதிலேயே செத்துப்போனார். மின்ஸ்ட்ரல் மேடைக்குப் பாட்டெழுதிக் குவித்த ஸ்டீஃபன் ஃபாஸ்டர் கடைசியில் இதே பவரியில் ஒரு மலிவு விடுதியில் கிடந்தார். 1864இல் ஆஸ்பத்திரியில் இறந்தபோது பர்ஸில் 38 சென்ட்.

இரவு அக்கா வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். கால் பாதம் இரண்டும் நெருப்பு.

இரண்டாம் நாள், செவ்வாய்

கனால் தெருவில் 'என்' ரயில் ஏறினேன். என்னுடைய ரயில் என்று அர்த்தமில்லை, 'என்' எழுத்துப் போட்ட ரயில். அடுத்த நிறுத்தம் பிரின்ஸ் தெரு என்று நானாகவே முடிவு செய்துகொண்டிருந்தேன். வார நாளில் அது எக்ஸ்பிரஸ். பிரின்ஸ் தெருப் பலகை ஜன்னலில் சர்ரென்று ஓடியதைப் பார்த்தேன். இறங்கியது யூனியன் சதுக்கம், 14ஆம் தெரு.

ஒரு வகையில் அதுவே நல்லதாகிவிட்டது. இன்றைய கதை ஆரம்பிப்பது இங்கேதான். இர்விங் பிளேஸ் முனையில் மணிக்கூண்டு வைத்த ஒரு மின்சாரக் கம்பெனிக் கட்டடம் நிற்கிறது. அந்த இடத்தில் 'அகாடமி ஆஃப் மியூசிக்' என்ற ஓபரா அரங்கம் இருந்தது. 1866 மே மாதம் எரிந்துபோனது. அங்கே ஆடுவதற்காகப் பாரிசிலிருந்து வரவழைத்த பாலே பெண்களும் வாங்கிய திரைச்சீலைகளும் நடுத்தெருவில் நின்றன. அதே சமயத்தில் பிரின்ஸ் தெருவில் நிப்லோஸ் கார்டன் அரங்கத்தின் மேலாளர் வில்லியம் வீட்லி கையில் ஒரு சவசவ நாடகம் இருந்தது. இரண்டையும் ஒட்டினால் என்ன என்று யாருக்கோ தோன்றியது. தீப்பற்றிய கதையில் எவ்வளவு பின்னால் சேர்த்த சரக்கு என்று சந்தேகிக்கும் ஆய்வாளர்கள் உண்டு. நாடக உலகம் தன் பிறப்புக் கதையை மட்டும் சாதாரணமாகவா சொல்லும்?

நாடகத்தின் பெயர் 'தி பிளாக் க்ரூக்'. கதை இதுதான்: ஹெர்ட்சாக் என்ற கூன் விழுந்த மந்திரவாதி. ஆயுள் நீள வேண்டுமானால் வருஷத்துக்கு ஓர் ஆத்மாவைச் சாத்தானுக்குப் பிடித்துக் கொடுக்க வேண்டும், கெடு புத்தாண்டுக்கு முந்தைய நள்ளிரவு. மாட்டுவது ரோடால்ஃப் என்ற ஏழை ஓவியன். அவன் வழியில் ஒரு புறாவைக் காப்பாற்றுகிறான், புறா தேவதைகளின் ராணி. மிச்சத்தை நீங்களே சொல்லிவிடுவீர்கள். இதற்கு நடுநடுவே சம்பந்தமே இல்லாமல் பாட்டும், தோல்நிறக் காலுறை மட்டும் தெரிய வரிசை வரிசையாகப் பெண்கள் ஆட்டமும். மேடைக்கு அடியிலிருந்து காட்சிகள் எழும்பும், மேலிருந்து தேவதைகள் இறங்குவார்கள். செப்டம்பர் 12, 1866 அன்று முதல் காட்சி முடிய ஐந்தரை மணி நேரம் ஆனது.

பாதிரியார்கள் பிரசங்க மேடையில் ஏறித் திட்டினார்கள். அதைவிட நல்ல விளம்பரம் எந்தப் பத்திரிகையிலும் கிடைத்திருக்காது. பெண்கள் முகத்திரை போட்டுக்கொண்டு வந்து பார்த்தார்களாம். சில வாரம் ஓடினாலே பெரிய விஷயமாக இருந்த காலத்தில் 474 காட்சிகள் ஓடியது. வசூல் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது.

இதைத்தான் முதல் அமெரிக்க மியூசிக்கல், அதாவது இசை நாடகம் என்கிறார்கள். எனக்கு அந்தப் பட்டம் அவ்வளவாக ஒப்பவில்லை. பாட்டுக்கும் கதைக்கும் ஒட்டே கிடையாது. ஆனால் ஒரு நாடகத்தை வருஷக்கணக்கில் ஓட்டலாம், காட்சிச் செலவைக் கொட்டினால் கல்லா நிரம்பும் என்று முதலாளிகளுக்குப் புரியவைத்தது இதுதான்.

மத்தியானம் பிரின்ஸ் தெருவுக்கு, இந்தத் தடவை நடந்தே போனேன். மூவாயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்த அரங்கம் 1895இல் இடிபட்டது. இப்போது துணிக்கடைகள். கண்ணாடிக்குள் ஒரு பொம்மைக்குத் தோல்நிறக் காலுறை மாட்டியிருந்தார்கள். போட்டோ எடுத்தேன். உள்ளேயிருந்த பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அகாடமி எரிந்த அதே முனைக்கு இன்னொரு கதையும் உண்டு. அதையொட்டி டாமனி ஹால் என்ற கட்சி அலுவலகக் கட்டடம் இருந்தது. அதன் கீழ்த்தளத்தில் 1881இல் டோனி பாஸ்டர் கொட்டகை திறந்தார். அதுவரை இந்த மாதிரிப் பல்சுவை நிகழ்ச்சிகள் நடந்ததெல்லாம் சாராயக் கடையில். ஆண்கள் மட்டும், புகை, கெட்ட வார்த்தை. பாஸ்டர் ஒரு காலத்தில் சர்க்கஸ் கோமாளி. பெண்களும் பிள்ளைகளும் வந்தால் டிக்கெட் இரண்டு மடங்கு விற்கும் என்று கணக்குப் போட்டார். அரங்கத்துக்குள் மது கிடையாது, ஆபாசம் கிடையாது. வருகிற பெண்களுக்கு மாவு, நிலக்கரி, துணி, அதிர்ஷ்டம் இருந்தால் தையல் மிஷின் பரிசு. இலவசத்தைக் கொடுத்துக் கூட்டம் சேர்ப்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வாட்வில் என்று பின்னால் நாடெங்கும் பரவிய குடும்பப் பல்சுவை மேடை இங்கேதான் நிலைகொண்டது.

மூன்றாம் நாள், புதன்

28ஆம் தெரு. ஆறாம் அவென்யூவைத் தாண்டினால் பூ மொத்த வியாபாரம், நடைபாதையெல்லாம் தொட்டிச்செடிகள். இந்தப் பக்கம் பிராட்வேவரைக்கும் உள்ள துண்டுதான் டின் பேன் ஆலி. 47 முதல் 55 வரை ஒற்றைப்படை எண்ணில் ஐந்து பழைய வீடுகள். 2019இல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தார்கள். இதுவரை பார்த்த இடங்களில் கட்டடம் என்று நிஜமாக நிற்பது இங்கேதான். சாயம் போன சுவர், கீழே மலிவுச் சாமான் கடை.

1893இல் விட்மார்க் என்ற பதிப்பகம் இங்கே வந்ததும், ஒன்றன்பின் ஒன்றாக மற்ற பாட்டுப் பதிப்பகங்களும் குடிவந்தன. ஜன்னல் ஜன்னலாகப் பியானோ. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்டால் தகரச் சட்டியைத் தட்டுகிற மாதிரி இருக்கும் என்று யாரோ சொன்னதில் பெயர் வந்ததாகக் கதை. அன்றைக்கு இசைத்தட்டு வியாபாரம் இன்னும் சூடுபிடிக்கவில்லை. பாட்டு விற்றது அச்சடித்த தாளாக. வாங்கிப்போய் வீட்டுப் பியானோவில் வாசிப்பார்கள். பாட்டைத் தள்ளிவிடுவதற்கென்றே பதிப்பகங்கள் ஆள் வைத்திருந்தன. மேடைப் பாடகியின் ஒப்பனை அறைக்குப் போய், "அம்மா, இந்தப் பாட்டை உங்க நாடகத்துல எங்கயாவது சேர்த்துக்குங்க" என்று கெஞ்சுவது, கையில் கொஞ்சம் திணிப்பது, கூட்டத்தில் தங்கள் ஆளை உட்காரவைத்துக் கூடவே பாடவைப்பது.

சார்லஸ் ஹாரிஸ் எழுதிய 'ஆஃப்டர் தி பால்' அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்த ஒரு நாடகத்துக்குள் நுழைந்தது. நாடகத்தின் பெயர் 'எ டிரிப் டு சைனாடவுன்'. பாட்டுக்கும் நாடகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. பாட்டுத்தாள் லட்சக்கணக்கில் விற்றது.

இந்தத் தெருவுக்கு ஒரு அழுக்குப் பக்கமும் உண்டு. இங்கே அச்சான பாட்டுத்தாள்களில் ஏராளமானவை கறுப்பினத்தவரைக் கேவலப்படுத்தும் வகை. வெள்ளையர் மட்டுமல்ல, கறுப்பினப் பாட்டுக்காரர்களும் எழுதினார்கள், அதுதான் விலைபோனது. பெர்லினில் வயலின் படித்துவிட்டு வந்த வில் மேரியன் குக் ஓபராவுக்குள் போக முடியாமல் 1898இல் ஒரு மொட்டைமாடி அரங்கத்தில் 'க்ளோரிண்டி' என்ற கறுப்பினக் கலைஞர்கள் மட்டுமே ஆடிய நிகழ்ச்சிக்கு இசையமைத்தார். அதே குக்கின் இசையில், பால் லாரன்ஸ் டன்பரின் பாட்டு வரிகளோடு 1903 பிப்ரவரி 18 அன்று 'இன் டஹோமி' பிராட்வேயின் பெரிய அரங்கத்துக்கே வந்துவிட்டது. எழுதியவர்கள், ஆடியவர்கள் எல்லாரும் கறுப்பினத்தவர். அதே வருஷம் லண்டனுக்குப் போய் பக்கிங்ஹாம் அரண்மனையிலும் ஆடினார்கள்.

அதன் நாயகர்கள் இருவர். மிடுக்காக உடுத்தும் ஜார்ஜ் வாக்கர். பஹாமாஸில் பிறந்த பெர்ட் வில்லியம்ஸ். நல்ல உயரம், மெல்லிய குரல், ஓய்வு நேரத்தில் புத்தகம் படிக்கிற ஆள். நிறம் கொஞ்சம் வெளுப்பு. மேடையேறும்முன் வில்லியம்ஸ் என்ன செய்வார் தெரியுமா? தக்கையை எரித்து முகத்தில் பூசிக்கொள்வார். கறுப்பின மனிதர், வெள்ளையர் கண்டுபிடித்த கறுப்பை மேலே பூசிக்கொண்டால்தான் மேடை. பூசிய பிறகுதான் தனக்குள் இருந்த நகைச்சுவைக்காரன் வெளியே வந்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டால் கோபப்படுவதா, மௌனமாக இருப்பதா என்று தெரியவில்லை. 28ஆம் தெருவிலேயே கிழக்கே நடந்து லெக்சிங்டன் அவென்யூவுக்குப் போய் ஒரு மசால் தோசை சாப்பிட்டேன். சாம்பார் தித்திப்பு.

நான்காம் நாள், வியாழன்

காலையிலிருந்து தூறல். முதலில் 63ஆம் தெரு. 'ஷஃபில் அலாங்' ஆடிய அரங்கம் 1957இல் இடிபட்டு மறைந்தது. தெருவில் நின்று குடைக்குள்ளேயே நினைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

1921 மே 23. யூபி பிளேக், நோபிள் சிஸில், மில்லர், லைல்ஸ் என்று நான்கு கறுப்பினக் கலைஞர்கள் சேர்ந்து கடன் வாங்கிப் போட்ட நாடகம் அது. அதில் ஒரு காதல் டூயட் இருந்தது. கறுப்பின ஆணும் பெண்ணும் மேடையில் கேலி இல்லாமல் நிஜமாகக் காதலித்துப் பாடுவதை வெள்ளைப் பார்வையாளர்கள் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள், தக்காளி பறக்கும் என்று எல்லாருக்கும் நடுக்கம். பாட்டு வந்ததும் மூன்று பேர் பின்வாசல் கதவருகே ஓடத் தயாராக நின்றார்களாம். பிளேக் மட்டும் பியானோவில் மாட்டிக்கொண்டார், அவருடைய மொட்டைத்தலை விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது என்று சிஸில் பிற்பாடு சிரித்துக்கொண்டே சொன்னார். தக்காளி வரவில்லை. ஒன்ஸ்மோர் வந்தது. 504 காட்சிகள். அதில்கூட மில்லரும் லைல்ஸும் கரி பூசியே ஆடினார்கள்.

சாயங்காலம் அக்கா மகன் காலேஜ் முடித்து டைம்ஸ் சதுக்கத்தில் சேர்ந்துகொண்டான். "மாமா, இவ்ளோ லைட்டுக்கு நடுவுல பழசு எங்க இருக்கு?" 47ஆம் தெரு முனையில் மேலே பார்க்கச் சொன்னேன். 1913இல் திறந்த பேலஸ் தியேட்டர். வாட்வில் கலைஞனுக்கு இதில் ஆடினால் ஜென்ம சாபல்யம். 2022இல் இந்த அரங்கத்தை உடைக்காமல் கொள்ளாமல் அப்படியே 30 அடி மேலே தூக்கினார்கள், ஒரு கோடியே நாற்பது லட்சம் பவுண்டு எடை. கீழே கடை வைக்க இடம் வேண்டுமே.

வாட்வில் பட்டியலைப் போடுவது தனிக்கலை. முதல் ஐட்டம் பேச்சே இல்லாத கழைக்கூத்தோ நாய் வித்தையோதான். சனம் இருக்கை தேடிக்கொண்டிருக்கும், வசனம் யார் காதில் விழும்? பெரிய நட்சத்திரத்துக்கு ஒதுக்கிய இடம் கடைசிக்கு முந்தையது. கடைசி ஐட்டம் ஓடும்போது பாதிக் கூட்டம் கோட்டைத் தேடிக்கொண்டிருக்கும். மியூசிக்கல்களில் முடிவுக்குச் சற்று முன்னால் நட்சத்திரத்துக்கு ஒரு பெரிய பாட்டு வைக்கிறார்களே, அதன் பூர்வீகம் இதுதான் என்பது என் கணிப்பு. எதிரே சிலையாக நிற்கும் ஜார்ஜ் எம். கோஹன் அப்பா, அம்மா, அக்காவோடு வாட்வில் மேடையில் வளர்ந்தவர். அந்த வேகத்தை அப்படியே நாடகத்துக்குள் கொண்டுவந்தார்.

ராத்திரி நியூ ஆம்ஸ்டர்டாம் அரங்கத்தில் 'அலாதீன்'. பால்கனிதான் கட்டுப்படியாயிற்று. 1903இல் கட்டியது. இங்கேதான் தயாரிப்பாளர் ஸீக்ஃபெல்ட் 'ஃபாலீஸ்' என்ற தன் ஆட்டபாட்டக் காட்சிகளை நடத்தினார், பெர்ட் வில்லியம்ஸும் இந்த மேடையில் ஆடினார். 1910இல் அவரை ஸீக்ஃபெல்ட் சேர்த்துக்கொண்டபோது, கறுப்பினத்தவரோடு ஆட மாட்டோம் என்று சில நடிகர்கள் முறைத்தார்கள். உங்களில் யார் போனாலும் பரவாயில்லை, இவரை விடமாட்டேன் என்ற பாவனையில் அவர் அசையவில்லை. யாரும் போகவில்லை.

பூதம் வந்து பாடுகிற காட்சி. கதை அப்படியே நின்றுவிட்டது. பூதம் நம்மைப் பார்த்து ஜோக் அடிக்கிறது, பாட்டுக்குள் பாட்டு வருகிறது, ஆட்கள் வரிசைகட்டி டேப் ஆடுகிறார்கள். சனம் எழுந்து நின்று கத்தியது. முப்பது நாற்பது ஜோடி ஷூக்கள் ஒரே நேரத்தில் தரையைத் தட்டும் சத்தம் பால்கனியின் மரக் கைப்பிடிக்கு வந்து விரலில் அதிர்ந்தது. அக்கா மகன் காதோரம், "மாமா, நீங்க சொன்ன சேரி ஆளு" என்றான். ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஐந்தாம் நாள், வெள்ளி

4ஆம் எண் ரயிலின் கடைசி நிறுத்தம் உட்லான், பெர்ட் வில்லியம்ஸின் கல்லறை இருக்கும் இடம். பிராங்க்ஸ் வந்ததும் ரயில் பூமிக்கு மேலே ஏறுகிறது, யாங்கி ஸ்டேடியம் கடக்கிறது. வழியில் போனில் ஒரு பழைய மௌனப் படத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். 1916இல் பெர்ட் வில்லியம்ஸ் நடித்தது. கடைசிக் காட்சியில் சிறைக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிறார். சீட்டு இல்லை, கூட ஆட ஆள் இல்லை. ஆனால் கலைக்கிறார், சுற்றி இருப்பவர்களுக்குப் போடுகிறார். தன் சீட்டை ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்கிறார். நல்ல கை. முகத்தில் காட்டக் கூடாது, ஆனால் கண் ஓரத்தில் தெரிந்துவிடுகிறது. பணம் கட்டுகிறார், ஏற்றுகிறார். எதிராளி சீட்டைக் காட்டுகிறான். வில்லியம்ஸின் முகம் மெதுவாகக் கீழே இறங்குகிறது. இவ்வளவும் கரிக்கு அடியில் இருந்துகொண்டு.

கல்லறைத் தோட்டம் நானூறு ஏக்கர். கையில் வரைபடம் இருந்தும் முக்கால் மணி நேரம் சுற்றினேன். கோஹனும் இதே தோட்டத்தில்தான், தனி மண்டபத்தில். வில்லியம்ஸ் இருக்கும் பக்கம் மேப்பிள் இலைகள் உதிர்ந்து கிடந்தன. கையால் ஒதுக்கினேன். பூ வாங்கிவர மறந்துவிட்டேன். 28ஆம் தெருவில் அவ்வளவு பூவைப் பார்த்தவன்.

1922 பிப்ரவரி, டெட்ராய்ட். நிமோனியாக் காய்ச்சலோடு மேடையில் நின்றவர், நடிப்பின் நடுவே சரிந்தார். சனம் அதையும் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தது. ஒப்பனை அறைக்குத் தூக்கிப் போகும்போதும் அந்தச் சிரிப்புக் கேட்டுக்கொண்டிருந்ததாம். மார்ச் 4ஆம் தேதி நியூயார்க்கில் இறந்தார், வயது 47.

மூடுகிற நேரம் என்று காவலாளி தூரத்திலிருந்து கையைக் காட்டினார். ரயில் மேடையில் உட்கார்ந்து, சார்ஜ் 12 சதவீதம் இருந்தபோது, அந்தச் சீட்டாட்டக் காட்சியை இன்னொரு தடவை போட்டேன். பக்கத்து இருக்கையில் பள்ளிக்கூடப் பையோடு ஒரு கறுப்பினச் சிறுவன் எட்டிப் பார்த்தான். வில்லியம்ஸ் தோற்றதும் சிரித்தான், அப்புறம் அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அவர் மூஞ்சியில என்ன?" என்று என்னைக் கேட்டான். சொல்ல ஆரம்பிப்பதற்குள் ரயில் வந்துவிட்டது.